தட்டி நிமிர்த்திய ‘அலாய்’ சக்கரம் தாங்குமா?

பள்ளத்தில் விழுந்து நெளியும் கார் வீல்கள். சூடு காட்டி, சுத்தியல் போட்டு ‘சரி’ செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலால் ஆபத்து!

சென்னை:-

மழை விட்ட மறுநாள் சென்னையில் இரண்டு தொழில்களுக்கு நல்ல கூட்டம். ஒன்று பஞ்சர் கடை. இன்னொன்று, கார் சக்கரத்தின் நெளிவை எடுக்கும் பட்டறை.

தண்ணீர் தேங்கிய ரோட்டில் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று தெரிவதில்லை. ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் ஒரு குலுக்குக் குலுக்கும். கார் நிற்காமல் ஓடிவிடும். காரில் இருந்தவர்களும் அதை மறந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் டயரில் பாதிக் காற்று இருக்காது.

பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். டயரில் ஆணி இருக்காது. குமிழி வருவது டயரும் வீலும் சேருகிற இடத்திலிருந்து.

‘சார், இது பஞ்சர் இல்லை. ரிம் பெண்டு. புதுப்பேட்டைக்குக் கொண்டு போய் இரும்பைத் தட்டி எடுத்துடுங்க’ என்று கையை விரித்துவிடுவார்.

தட்டி எடுக்க வேண்டியது இரும்பு அல்ல, அலுமினியம். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

இரும்பு போய் அலுமினியம் வந்தது

அம்பாஸடர், பியட் காலத்தில் எல்லாம் இரும்புச் சக்கரம்தான். 1983-ம் ஆண்டு கடைசியில் ‘மாருதி 800’ வந்தபோதும் அதற்கு 12 அங்குல இரும்புச் சக்கரம்தான். கல்லில் மோதி விளிம்பு மடங்கினால் டிரைவரே சுத்தியல் எடுத்து நாலு போடு போடுவார். மடிந்தது நிமிர்ந்துவிடும். உள்ளே டியூப் இருந்ததால் காற்று போகும் பயமும் இல்லை.

சாதாரண இரும்புத் தகடு சொன்ன பேச்சைக் கேட்கும் ஜாதி. இழுத்தால் நீளும். அடித்தால் மடியும். ஒடிவதற்கு முன்னால் நிறைய வளைந்து கொடுக்கும்.

அலுமினியச் சக்கரம் புதிது ஒன்றும் அல்ல. 1924-ம் ஆண்டிலேயே ‘புகாட்டி 35’ என்ற பந்தயக் கார் அலுமினிய வார்ப்புச் சக்கரத்தில் ஓடியது. நம் ஊரில் அது பணக்காரக் காருக்கு உரிய அலங்காரமாகப் பல காலம் இருந்தது. இப்போது நடுத்தரக் குடும்பத்துக் காரிலும், விலை கூடின மாடல் என்றால், கம்பெனியே மாட்டித் தருகிறது. எடை குறைவு. பார்க்கவும் ஜோர்.

‘அலாய்’ என்றால் கலப்பு உலோகம். பெரும்பாலான கார்ச் சக்கரங்களில் அலுமினியத்தோடு 100-க்கு 7 பங்கு சிலிக்கான் சேர்க்கிறார்கள். கூடவே ஒரு சிட்டிகை மக்னீசியம். இதை உருக்கி, அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள்.

வார்த்ததும் வேலை முடிவது இல்லை. கொல்லர் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவார்களே, அதுபோல இதற்கும் ஒரு பதம் உண்டு. சுமார் 540 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்து, சட்டென்று தண்ணீரில் முக்குகிறார்கள். பிறகு 150 டிகிரிக்குச் சற்று மேலே இன்னும் சில மணி நேரம் வைக்கிறார்கள். இந்த இரண்டாவது சூட்டில்தான் சக்கரத்துக்கு உறுதி ஏறுகிறது.

சமையல் கட்டில் இருக்கும் அலுமினியப் பாத்திரம் நசுங்கினால் தெருவில் வருகிறவரிடம் கொடுத்து நெளிவு எடுப்பது உண்டு. அதுவும் அலுமினியம், இதுவும் அலுமினியம் என்று நினைப்பது தப்பு. பாத்திரம், தகட்டை அழுத்தி இழுத்துச் செய்தது. வளைந்து கொடுக்கும். கார்ச் சக்கரம் வார்ப்பு. கொஞ்ச தூரம்தான் வளையும். அதற்கு மேல் ‘பட்’ என்று விட்டுவிடும்.

பட்டறையில் நடப்பது என்ன?

எழும்பூரை ஒட்டி, கூவம் ஓரமாக இருக்கிற புதுப்பேட்டையைத் தெரியாத கார்காரர் சென்னையில் இருக்க முடியாது. பழைய வண்டியைப் பிரித்துப் போட்டு, கதவு தனி, கண்ணாடி தனி, கியர் பெட்டி தனி என்று விற்கும் இடம். புதுச் சாமான் வேண்டும் என்கிறவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவார்கள். ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். இவை தவிர, வீல் நெளிவு எடுக்கும் பட்டறைகள் இப்போது புறநகர் நெடுஞ்சாலை ஓரங்களிலும் முளைத்துவிட்டன.

பட்டறைக்காரர் முதலில் டயரைக் கழற்றி, வெறும் சக்கரத்தை ஓர் அச்சில் மாட்டிச் சுற்றுவார். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டியையோ கம்பியையோ அசையாமல் பிடிப்பார். சக்கரம் சுற்றும்போது எங்கே உரசுகிறதோ அது மேடு. எங்கே விலகுகிறதோ அது பள்ளம். அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார்.

பிறகு கேஸ் டார்ச். நெளிந்த இடத்தில் தீயைக் காட்டுவார். போதும் என்று தோன்றியதும் மரக்கட்டையை வைத்து அதன்மேல் சம்மட்டி. சில இடங்களில் சம்மட்டிக்குப் பதில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தள்ளுவார்கள். மறுபடி சுற்றிப் பார்ப்பது. மறுபடி சூடு. மறுபடி அடி.

அரை மணி, ஒரு மணி நேரத்தில் சக்கரம் ஆடாமல் சுற்றும். கண்ணாலேயே அரை மில்லி மீட்டர் வித்தியாசத்தைச் சொல்லும் கைராசிக்காரர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வரையில் வேலை சுத்தம்தான்.

கூலி எவ்வளவு என்பதில்தான் கூட்டமே வருகிறது. ஒரு புது அலாய் வீல் வாங்கப் பல ஆயிரம் வேண்டும். தட்டி எடுக்க அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கால் டாக்சி ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். மாதத் தவணை நிற்கிறது. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அவரிடம் போய் ‘புதுசு வாங்கு’ என்று சொல்வது சுலபம்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:-

‘அண்ணே, இது தாங்குமா?’

‘தம்பி, இருபது வருஷமா இதே வேலை. ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது.’

‘பெங்களூர் டிரிப் ஒண்ணு இருக்கு.’

‘தாராளமா போ. பயமா இருந்தா பின்னாடி மாட்டிக்கோ.’

இந்தக் கடைசி யோசனை இருக்கிறதே, அது இன்னும் மோசம். முன் சக்கரத்தில் காற்று இறங்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளிக்க இடம் உண்டு. வேகமாகப் போகும்போது பின் சக்கரத்தில் காற்று போனால் வண்டியின் வால் பக்கம் வழுக்கித் திரும்பிவிடும். அப்போது டிரைவரின் கையில் ஒன்றும் இல்லை.

சூடுதான் வில்லன்

இரும்பைக் காய்ச்சினால் சிவக்கும். எவ்வளவு காய்ந்தது என்று நிறமே சொல்லிவிடும். அலுமினியம் அப்படி அல்ல. நிறம் மாறாது. தொட்டால் கொப்பளிக்கும் சூட்டிலும் வெள்ளை வெளேர் என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும். வீலுக்குப் போடும் கலப்பு அதற்கும் ஏறக்குறைய 100 டிகிரி கீழேயே இளக ஆரம்பித்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் காட்டு’ என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் விளிம்பு சொட்டென்று உட்கார்ந்துவிடும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தொழிற்சாலையில் ஏற்றிய பதம் 200 டிகிரியைத் தாண்டினாலே கரைய ஆரம்பிக்கிறது. சூடு கூடக் கூட, நேரம் ஆக ஆக, உறுதி இறங்கிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் அதே பளபளப்பு. உள்ளே ஆள் பலவீனம்.

பழைய உலோகத் தொழிலாளிகளிடம் ஒரு தந்திரம் உண்டு. அலுமினியத்தின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு கருத்தால் வளைக்கத் தயார் என்று அர்த்தம். தகட்டு வேலைக்கு அது சரியான தந்திரம். ஆனால் சோப்பு கருக்கும் சூடு, உலோகத்தை மெத்தென்று ஆக்குவதற்கான சூடு. வளைவதற்கு வசதியாக மெத்தென்று ஆகிவிட்ட சக்கரம், அடுத்த பள்ளத்திலும் அதே வசதியோடு வளையும்!

‘நாங்கள் சூட்டை அளந்து பார்த்துத்தான் செய்கிறோம்’ என்று துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காட்டும் கடைகளும் உண்டு. தொடாமலே சூட்டைக் காட்டும் கருவி அது. காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்த இனம். பளபளக்கும் அலுமினியத்திடம் அது ஏமாறும். உள்ளபடி இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். கறுப்பு மை அடித்த இடத்தில் பிடித்தால்தான் கணக்குச் சரியாக வரும். எத்தனை பேர் மை அடிக்கிறார்கள்?

சரி, சூடே காட்டாமல் அடித்தால்? அப்போது விரிசல். பள்ளத்தில் விழுந்தபோது ஒரு தடவை வளைந்துவிட்டது. வளையும் சக்தியில் ஒரு பங்கு அங்கேயே செலவு. எதிர்ப் பக்கமாக அடித்தால் மீதியும் செலவு. தலைமுடி அகலம்கூட இல்லாத கீறல் ஒன்று விழும். பெயிண்டுக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு கிலோ மீட்டருக்கு 500 சுற்று

கீறல் விழுந்தால் உடனே சக்கரம் உடைந்துவிடுமா என்றால், உடையாது. பட்டறைக்காரர் ‘இருபது வருஷம், கம்ப்ளெயின்ட் இல்லை’ என்று சொல்வது அதனால்தான். உடைகிற நாளில் வண்டி அவர் கடை வாசலில் நிற்காது.

சாதாரணக் கார் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ மீட்டர் போவதற்குள் சக்கரம் 500 தடவைக்கு மேல் சுற்றிவிடுகிறது. 100 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 14, 15 சுற்று. சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு தடவை போய்ச் சேருவதற்குள் 2 லட்சத்துக்கு மேல்!

ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் பாரம் சக்கரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தடவை அழுத்தி, ஒரு தடவை விடுகிறது. கட்டுக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிகிறது அல்லவா? அதே கதைதான். என்ஜினீயர்கள் இதை உலோகக் களைப்பு என்கிறார்கள்.

இதிலும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் இரும்பு எத்தனை கோடித் தடவை ஆனாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு நிச்சயமான எல்லை கிடையாது. சின்னப் பாரமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கீறல் ஒன்று ஏற்கனவே இருந்தால் கணக்கு வேகமாகத் தீரும்.

தீருகிற நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் கீறல் உள் விளிம்பில் வளர்ந்து, காற்று மெல்லக் கசியும். தினம் காற்று அடிக்க வேண்டியிருக்கும். இது அதிர்ஷ்டக்காரருக்கு. ஆரக்கால் பக்கமாகக் கீறல் ஓடினாலோ, விளிம்பு ஒரு துண்டாகப் பெயர்ந்து டயர் பிடியை விட்டாலோ, எச்சரிக்கை இல்லாமல் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். அது நடப்பது தெருவில் ஊர்ந்து போகும்போது அல்ல. பைபாசில் பறக்கும்போது.

கம்பெனியில் என்ன சோதனை?

புதுச் சக்கரத்தைத் தொழிற்சாலையில் லேசில் விடுவதில்லை. சர்வதேச விதிப்படி ஒரு மோதல் சோதனை உண்டு. டயரோடு சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, மேலே இருந்து ஒரு பெரிய எடைக்கட்டியை விளிம்பின்மேல் போடுகிறார்கள். உயரம் 23 சென்டி மீட்டர்தான். ஆனால் எடை? ஒரு சக்கரம் தாங்க வேண்டிய பாரம் 450 கிலோ என்றால், கட்டியின் எடையும் 450 கிலோ. சக்கரத்தின் நடுப்பாகம் உடையக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் போய்விடக் கூடாது. இந்தச் சோதனையில் விளிம்பு நெளிந்தால் குற்றம் இல்லை. மோதலை வாங்கிக்கொண்டு விளிம்பு நெளிந்து கொடுப்பது அதன் வேலையே.

இது தவிர, பாரம் ஏற்றி லட்சக்கணக்கான சுற்று ஓடவிடும் களைப்புச் சோதனைகள் தனி.

தட்டி நிமிர்த்திய சக்கரத்துக்கு இதில் எந்தச் சோதனையும் கிடையாது. வாடிக்கையாளர் மாட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் சோதனை.

கார் கம்பெனிகள் இந்த விஷயத்தில் கறார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், வீலை வெல்டு செய்வது, வளைப்பது, நிமிர்த்துவது, கடைந்து உலோகத்தை எடுப்பது எதையும் ஒப்புக்கொள்வது இல்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. மேற்பூச்சைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

‘புது வீல் விற்க வேண்டும், அதனால் சொல்கிறார்கள்’ என்பது பட்டறைக்காரர்களின் பதில். அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கும் சுற்றுக் கணக்கும் எந்தக் கம்பெனியின் வியாபாரத்தையும் பார்த்து மாறுவது அல்ல.

எதைத் தொடலாம்? எதைத் தொடக் கூடாது?

எல்லா அடிபட்ட வீலையும் தூக்கி எறிய வேண்டும் என்பது இல்லை.

பிளாட்பாரக் கல்லில் உரசி விழுந்த சிராய்ப்பா? தாராளமாகத் தேய்த்து, மெழுகி, பெயிண்ட் அடிக்கலாம். அது அழகு வேலை. உயிருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே ஒரு கவனம் போதும். லேத்தில் போட்டு மேல்முகத்தைச் சீவிப் பளபளப்பாக்கினால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் குறைகிறது. இரண்டு தடவைக்கு மேல் போவது உசிதம் அல்ல. பவுடர் கோட்டிங்கையும் 200 டிகிரிக்குப் பக்கத்தில் அடுப்பில் வைத்துத்தான் சுடுகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று வருஷத்துக்கு ஒரு தடவை சுடக் கூடாது.

விளிம்பின் ஓரத்தில் மட்டும் லேசான நெளிவு, கீறல் இல்லை, ஆரக்காலுக்குத் தூரம் என்றால் நிமிர்த்திப் பார்க்கலாம். அதற்கும் சுத்தியல் வேண்டாம். ஹைட்ராலிக் மெஷினில் மெல்லத் தள்ளி, டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளந்து தரும் இடத்துக்குப் போக வேண்டும். ஆட்டம் ஒரு மில்லி மீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்கிய பிறகும் அந்தச் சக்கரத்தை ஸ்டெப்னியாகப் போட்டுவிட்டு, ஸ்டெப்னியில் இருந்த நல்லதை எடுத்து ஓட்டுவது புத்திசாலித்தனம். அளவு ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். பல கார்களில் ஸ்டெப்னி சின்ன அளவு. 2020-ம் ஆண்டு வந்த விதியால், டயர் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னியே இல்லாமலும் கார் விற்கலாம் என்று ஆகிவிட்டது.

ஆரக்காலில் கீறலா? நட்டு முடுக்கும் துளையைச் சுற்றிக் கீறலா? நடுப்பாகம் கோணலா? விளிம்பில் ஒரு துண்டே காணோமா? ஒரே வீலில் இரண்டு மூன்று இடத்தில் நெளிவா? ஏற்கனவே ஒரு தடவை தட்டியதா? அந்தச் சக்கரத்துக்கு வைத்தியம் கிடையாது. யார் எவ்வளவு சத்தியம் செய்தாலும் கிடையாது.

ஆர்கான் வெல்டிங் வைத்துக் கீறலை அடைக்கிறார்களே, அது? வெல்டு வைத்த கோடு கெட்டியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வெந்து பதம் இழந்துவிடுகிறது. அடுத்த கீறல் அங்கேதான் கிளம்பும். தொழிற்சாலையில் செய்ததுபோல மறுபடி 540 டிகிரியில் வைத்துப் பதம் ஏற்றினால் ஒழிய அந்தப் பலவீனம் போகாது. அந்த அளவு உலை தெருவோரப் பட்டறையில் கிடையாது. இருந்தாலும் சூட்டில் சக்கரம் மறுபடி கோணிக்கொள்ளும்.

சிவப்பு மை சொல்லும் ரகசியம்

கீறல் இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அதிகச் செலவும் இல்லை. இதைச் செய்யாத கடையில் வேலை கொடுக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

பெயிண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் சிவப்பு மை ஒன்றை அடிக்க வேண்டும். தண்ணீரைப்போல ஓடி, கீறல் இருந்தால் உள்ளே புகுந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மேலே இருக்கும் மையைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி மருந்தை அடிக்க வேண்டும். கீறலுக்குள் பதுங்கின மை மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளையின்மேல் சிவப்புக் கோடு. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி.

நிமிர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, நிமிர்த்த பிறகு ஒரு தடவை. இரண்டும் வாடிக்கையாளர் கண்முன்னால் நடக்க வேண்டும். முன்னால் இல்லாத கோடு பின்னால் வந்தால், கோடு போட்டது சுத்தியல்.

பல கடைகளில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வரவில்லை என்று காட்டுவதோடு சரி. காற்று கசியவில்லை என்பதற்கு அது சாட்சி. கீறல் இல்லை என்பதற்கு அல்ல. வீல் பேலன்சிங் செய்துவிட்டோம் என்பதும் சமாதானம் ஆகாது. ஈயக்கட்டி ஒட்டினால் எடை சமமாகும். நெளிவு நிமிராது.

செகண்ட் ஹேண்ட் வீல்: உஷார்!

‘ஒரிஜினல் கம்பெனி வீல், அடிபடாதது’ என்று நாலையும் சேர்த்து மலிவாகக் கொடுக்கும் இடங்கள் உண்டு. புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது. தட்டின அடையாளமும் வெல்டு வைத்த தழும்பும் அந்தப் பூச்சுக்கு அடியில் தூங்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வார்ப்பு ஒரே சீராக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழப்பு இருந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது.

ரொம்ப மலிவு என்றால் கதை வேறு மாதிரியும் இருக்கலாம். இரவில் தெருவில் நிறுத்திய காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, வண்டியைச் செங்கல்மேல் நிறுத்திவிட்டுப் போகும் கும்பல்கள் உண்டு. அந்தச் சக்கரம் யாரிடமாவது விலை போகத்தானே வேண்டும்? பில் இல்லாமல் வாங்கினால் போலீஸ் படியேற நேரிடும்.

ஆபீசுக்குப் போகிறவருக்கு

வீல் நெளிந்ததை முதலில் சொல்வது ஸ்டீயரிங். 80 கிலோ மீட்டர் வேகத்தில் கை நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். உட்கார்ந்திருக்கும் சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். வாரத்துக்கு ஒரு தடவை ஒரே டயரில் மட்டும் காற்று குறைந்தால், பஞ்சர் ஒட்டச் சொல்லும் முன் உள் விளிம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நெளிவு வெளியே இருப்பதைவிட உள்பக்கத்தில்தான் அதிகம். வெளிப்பக்கத்துக்கு ஆரக்கால்கள் முட்டுக் கொடுக்கின்றன. உள்பக்க விளிம்புக்கு ஆதரவு இல்லை. அங்கே யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தால் வீலை மறந்துவிட்டு முதலில் டயரை மாற்ற வேண்டும். உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டைலுக்காக 15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் மாட்டுகிற இளவட்டங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீல் பெரிதானால் டயரின் ரப்பர் சுவர் குறையும். 185/65 அளவு டயரில் ரப்பர் சுவரின் உயரம் 12 சென்டி மீட்டர். 215/45 டயரில் 10 சென்டி மீட்டருக்கும் கீழே. பள்ளத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இருக்கிற மெத்தை அது ஒன்றுதான். காற்றுக் குறைவாக ஓட்டினால் அந்த மெத்தையும் இல்லை. காற்று எவ்வளவு என்று டிரைவர் பக்கத்துக் கதவு ஓரத்தில் பெரும்பாலான கார்களில் ஒட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிட வேலை.

இன்சூரன்ஸ் பணம் வருமா என்று கேட்கிறவர்கள் பலர். சாதாரண பேக்கேஜ் பாலிசியில் டயருக்கு மட்டும் சேதம் என்றால் பணம் கிடையாது. அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் இருந்தால், டயர் மாற்றும் செலவில் பாதி வரை உண்டு. டயருக்கும் வீலுக்கும் தனிப் பாதுகாப்பு, கூடுதல் பிரீமியம் கட்டினால் கிடைக்கிறது. முக்கியம் என்னவென்றால், பட்டறைக்குப் போவதற்கு முன்னால் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். தட்டி நிமிர்த்திய பிறகு ‘இங்கே நெளிந்திருந்தது’ என்று காட்ட முடியாது.

நாலு வீலும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கெட்டது ஒன்று என்றால் அதே அளவு, அதே துளைக் கணக்கு உள்ள ஒன்றை வாங்கினால் போதும். அழகு முக்கியம் இல்லை என்கிறவர்களுக்கு, அந்தக் காருக்கென்று கம்பெனி தரும் இரும்புச் சக்கரம் இன்னும் மலிவு. கால் டாக்சிக்கு அதைவிட நல்ல யோசனை இல்லை. நட்டு மட்டும் அந்தச் சக்கரத்துக்கு ஏற்றதா என்று பார்த்து மாட்ட வேண்டும். எந்த வீல் மாட்டினாலும் 50, 100 கிலோ மீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய அலுமினியத்துக்கு எடைக் கடையில் நல்ல விலை உண்டு. உருக்கினால் மறுபடி புது உலோகம். ஆனால் உடைந்த வீலை அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள். உருக்கு உலைக்குப் போக வேண்டியது பட்டறைக்குப் போய், பெயிண்ட் பூசிக்கொண்டு இன்னொருவர் காரில் ஏறிவிடும். விவரம் தெரிந்த கடைக்காரர்கள், தேறாத வீலை வாடிக்கையாளர் கண்முன்னாலேயே கிரைண்டர் வைத்துக் குறுக்கே அறுத்துவிடுகிறார்கள். இரண்டு துண்டாக எடை போட்டாலும் விலை அதேதான்.